உருளையின் மேல் ஒரு சக்கர நாற்காலி

சக்கரம் சுழல்கிறது, நாற்காலி நின்ற இடத்திலேயே நிற்கிறது. 1990களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், யூஜீன் நகரத்து ஒரிகன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஏற்பாடு இது. தரையில் ஒரு மேடை, மேடையில் உருளைகள், அவற்றின் மேல் மோட்டார் நாற்காலியோடு ஒரு குழந்தை. தலையில் ஹெட்செட். குழந்தை ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் நாற்காலிச் சக்கரம் உருளையைச் சுற்றும். உருளை எவ்வளவு சுற்றியது என்று கணினி கணக்கெடுக்கும். கண்முன் ஹெட்செட் காட்டும் மெய்நிகர் உலகம் அந்த அளவுக்கு நகரும்.

டீன் இன்மேன், கென் லோஜ் ஆகியோரின் குழு இதைப் பெருமூளை வாதம் போன்ற காரணங்களால் நடக்க முடியாத குழந்தைகளுக்காகச் செய்தது. 1997இல் கணினித் துறையின் முக்கிய இதழ் ஒன்றில் அதைப் பற்றி எழுதினார்கள். குழந்தைகள் முதலில் போன உலகம் மிக எளிமையானது: பரந்த தரை, முட்டிக்கொள்ள எதுவும் இல்லை. கை பழகியபின் வழியில் தடைகளும் சேறும் பனிக்கட்டியும் வந்தன. அதற்கும் பிறகுதான் வண்டிகள் ஓடும் தெருவைக் கடப்பது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய சிக்கல் இருந்தது. மோட்டார் நாற்காலி விலை அதிகம், எடையும் அதிகம். ஓட்டத் தெரியும் என்று காட்டாத குழந்தைக்கு அதை வாங்கிக் கொடுக்கத் தயங்குவார்கள். நாற்காலி கிடைக்காத குழந்தை ஓட்டக் கற்பது எப்படி? நீச்சல் வந்த பிறகுதான் ஆற்றில் இறங்கலாம் என்பது போன்ற நிபந்தனை இது. 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் சார்லீன் பட்லர் என்ற ஆய்வாளர் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளை மோட்டார் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்திருந்தார். பெரும்பாலோர் சில வாரங்களிலேயே ஓட்டப் பழகிவிட்டார்கள். பயம் பெரியவர்களுக்குத்தான் இருந்தது. சுவரில் மோதினால் குழந்தைக்கு அடிபடுமே என்ற அந்தப் பயம் நியாயமானதும்கூட. மெய்நிகர் உலகத்தில் சுவரில் மோதினால் ஒரு சத்தம் மட்டும் கேட்கும்.

யூஜீன் குழுவின் முடிவுகளில் மிகவும் மெச்சத்தக்கது, நாற்காலியை மாற்றாமல் விட்டதுதான். பெருமூளை வாதமுள்ள குழந்தையின் நாற்காலி அதன் உடம்புக்கென்றே அளவெடுத்துச் செய்யப்படுவது. தலை சாயாமல் பக்கத் தாங்கி, இடுப்பு நழுவாமல் பட்டை, கால் துள்ளாமல் பிடிமானம், கை எட்டும் கோணத்தில் ஜாய்ஸ்டிக். வேறு நாற்காலியில் தூக்கி உட்காரவைத்தால் உட்காரும் நிலை கெடும். உட்காரும் நிலை கெட்டால் கையின் கட்டுப்பாடும் போய்விடும். இது எந்தப் பிசியோதெரபிஸ்டைக் கேட்டாலும் சொல்லும் விஷயம். குழந்தைக்குப் பழகிய இருக்கையில் அதை அப்படியே விட்டுவிட்டு, உலகத்தை அதனிடம் கொண்டுவந்தார்கள்.

தானே நகர்வதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? யாராவது தள்ளிக்கொண்டு போனால் போதாதா? போதாது என்று சொல்லும் ஆதாரங்கள் மெய்நிகர் உலகம் பிறப்பதற்கு முன்பே இருந்தன.

1963இல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு இரண்டு பூனைக்குட்டிகளாக வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கோடு போட்ட ஓர் உருளை அறை, நடுவில் ராட்டினம் போல ஒரு சுழலும் கட்டை. கட்டையின் ஒரு முனையில் கட்டப்பட்ட குட்டி தன் காலால் நடக்கும். மறுமுனையில் உள்ள குட்டி கால் தரையில் படாதபடி ஒரு தொட்டியில் உட்கார்ந்திருக்கும். முதல் குட்டி நடக்கும் பக்கமெல்லாம் அதுவும் போகும். இரண்டும் பார்ப்பது ஒரே காட்சியை. பிறகு இரண்டையும் மேசையை நோக்கி இறக்கியபோது, நடந்த குட்டி காலை நீட்டி மேசையைத் தொடத் தயாரானது. தொட்டியில் போன குட்டி நீட்டவில்லை. பள்ளம் எங்கே இருக்கிறது என்றும் அதற்குத் தெரியவில்லை. சுதந்திரமாக நடமாட விட்ட பிறகுதான் அதற்கும் அது பிடிபட்டது.

குழந்தை பூனைக்குட்டி இல்லை என்று ஒதுக்கிவிட முடியாதபடி இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நைஜல் ஃபோர்மன் என்ற உளவியலாளர் அந்தக் கேள்வியைப் பள்ளிக்கே கொண்டுபோனார். சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் ஏழு முதல் பதினொரு வயது வரையான உடல் ஊனமுள்ள குழந்தைகளைப் பற்றி 1989இல் வந்த அவருடைய ஆய்வு, தாங்கள் தினமும் போய்வரும் பள்ளியிலேயே எது எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு மற்றக் குழந்தைகள் அளவுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று காட்டியது. 1994இல் ஆறு வயதுக் குழந்தைகளை வைத்து இன்னொரு சோதனை. சிலர் தாங்களாகவே நடந்தார்கள், சிலர் கைப்பிடித்து நடத்திச் செல்லப்பட்டார்கள், சிலர் சக்கர நாற்காலியில் தள்ளப்பட்டார்கள், சிலர் நாற்காலியில் இருந்தபடி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தாங்களே சொன்னார்கள். இடங்களை நன்றாக நினைவில் வைத்திருந்தது வழியைத் தாங்களே தேர்ந்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து “இந்தப் பக்கம் போங்கள்” என்ற குழந்தை, கைப்பிடித்து நடத்தப்பட்ட குழந்தையைவிட நன்றாக நினைவு வைத்திருந்தது.

இந்த முடிவைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காலைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது, அது எங்கே போவது என்று முடிவெடுக்கும் உரிமை. நடக்க முடியாத குழந்தைக்கும் அதைக் கொடுக்கலாம்.

லெஸ்டர் குழு அடுத்து செய்தது அதைத்தான். பால் வில்சன், டானே ஸ்டான்டன், ஃபோர்மன் ஆகியோர் உண்மையான ஒரு கட்டிடத்தைக் கணினியில் கட்டினார்கள். உடல் ஊனமுள்ள குழந்தைகள் திரையில் அந்தக் கட்டிடத்துக்குள் சுற்றி, தீயணைப்புக் கருவிகளையும் அவசர வாசல்களையும் தேடிக் கண்டுபிடித்தார்கள். பிறகு அவர்களை அதே கட்டிடத்துக்குக் கூட்டிப்போய், சுவர் மறைக்கும் இடத்திலிருந்து “அது எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். கட்டிடத்தைப் பார்க்காமல் ஊகித்துச் சொன்னவர்களைவிடக் குழந்தைகள் சரியாகக் கை காட்டினார்கள். 1996இல் வெளியான இந்த முடிவு சின்ன விஷயம் போலத் தோன்றலாம். தன்னைத் தள்ளிக்கொண்டு போகிறவர் இல்லாத நேரத்தில் தீப்பிடித்தால் எந்த வாசலுக்குப் போவது என்று தெரிந்திருப்பது சின்ன விஷயமில்லை. 2002இல் அந்தக் குழுவின் இன்னொரு கட்டுரை வந்தது. சிறு வயதில் நடமாடிப் பிற்பாடு அந்தத் திறனை இழந்த பதின்வயதினர், தொடக்கத்திலிருந்தே நடமாட்டம் குறைந்திருந்தவர்களைவிட மெய்நிகர் புதிர்ப்பாதையில் குறுக்குவழியை நன்றாகக் கண்டுபிடித்தார்கள் என்றது அது.

ஹெட்செட்டை உருவாக்கியவர்களின் கவனமோ வேறெங்கோ இருந்தது. 1968இல் ஐவன் சதர்லேண்ட் செய்த முதல் தலைக்கருவி கூரையிலிருந்து தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு சில அடி நடந்தால் காட்சியும் மாறும். 1980களில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரூக்ஸின் குழு, இன்னும் கட்டப்படாத ஒரு கட்டிடத்துக்குள் நடந்து பார்க்க டிரெட்மில்லை வைத்தது. திருப்புவதற்கு சைக்கிள் கைப்பிடி. ஜேரன் லானியரின் விபிஎல் நிறுவனத்தின் கையுறையில் விரலை நீட்டிச் சுட்டினால் அந்தத் திசையில் பறக்கலாம். 1995இல் லண்டனில் மெல் ஸ்லேட்டரின் குழு நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்தால் முன்னே போகும் முறையைக் கொண்டுவந்தது. 1999இல் வந்த ஒரு ஆய்வு மூன்றையும் ஒப்பிட்டு, நிஜமாகவே நடப்பது முதலிடம், நின்று மிதிப்பது இரண்டாமிடம், பறப்பது கடைசி என்று வரிசைப்படுத்தியது.

நல்ல ஆய்வுகள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரிசையில் பெருமூளை வாதமுள்ள ஒரு குழந்தையை நிறுத்திப் பாருங்கள். தசை இறுகிய கை முஷ்டியாகவே இருக்கும். சுட்டுவிரலை மட்டும் பிரித்து நீட்ட முயன்றால் தோள் முழுக்க இழுத்துக்கொள்ளும். முதல் இரண்டு முறைக்கும் கால் வேண்டும், மூன்றாவதற்கு விரல் வேண்டும். மனிதர் மெய்நிகர் உலகில் எப்படி நடமாட வேண்டும் என்ற இலக்கணம் இப்படித்தான் எழுதப்பட்டது, எழுதியவர்களின் உடம்பை அளவாக வைத்து.

மாற்று இலக்கணம் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஷெப்பர்ட் பள்ளி என்ற சிறப்புப் பள்ளி, கடுமையான கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கானது. 1990களின் தொடக்கத்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மெய்நிகர் ஆய்வுக் குழு அந்தப் பள்ளியோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியது. டேவிட் பிரவுன், பென்னி ஸ்டாண்டன் போன்றவர்கள் அதில் முக்கியமானவர்கள். இவர்கள் ஹெட்செட்டைத் தேடிப் போகவில்லை. சாதாரணக் கணினித் திரையிலேயே முப்பரிமாண உலகங்களைக் கட்டினார்கள்: ஒரு வீடு, ஒரு சூப்பர் மார்க்கெட், கடக்க வேண்டிய ஒரு சாலை. மாணவரும் ஆசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்க்கலாம் என்பது இதில் பெரிய வசதி. ஹெட்செட்டுக்குள் குழந்தை தனியாகிவிடும்.

சூப்பர் மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளலாம். அலமாரிகளுக்கு நடுவே தள்ளுவண்டியோடு போய், பட்டியலில் படமாக இருக்கும் பொருள்களைத் தேடி எடுத்து, பணம் கட்டும் இடத்துக்கு வர வேண்டும். திரையில் இதைப் பழகிய மாணவர்களையும் வேறு மெய்நிகர் உலகங்களில் பழகியவர்களையும் பிறகு நிஜக் கடைக்கு அழைத்துப்போனார்கள். கடையைப் பழகியவர்கள் வேகமாகவும் பிழை குறைவாகவும் வாங்கினார்கள். ஜான் குரோம்பி முதலானோர் இதைச் சொன்னது 1996 ஜூலையில், இங்கிலாந்தின் மெய்டன்ஹெட்டில் நடந்த ஒரு மாநாட்டில். ஊனமும் மெய்நிகர் உலகமும் என்ற பொருளுக்கென்றே நடந்த முதல் ஐரோப்பிய மாநாடு அது. அதே மாநாட்டில் இன்னொரு கட்டுரை, மேக்கட்டன் என்ற சைகை முறையைத் திரையில் கற்ற மாணவர்களைப் பற்றியது. வகுப்புகள் போகப் போக ஆசிரியரின் குறுக்கீடு குறைந்தது; மாணவர் தாமாகச் செய்வது கூடியது.

ஆனால் ஒரு மாணவர் ரொட்டி அலமாரியை அடைவதற்கு முன்பே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தது, அது நகர்வதே. அந்தக் காலத்து மெய்நிகர் வல்லுநர்கள் பயன்படுத்திய பந்து வடிவக் கருவி ஒன்றை எந்தப் பக்கமும் தள்ளலாம், முறுக்கலாம், ஆறு விதமாக நகரலாம். பொறியாளருக்கு வரம், கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. கை லேசாகத் திருகினாலும் பார்வை கூரைக்குப் போய்விடும், தலைகீழாகும், மீண்டும் தரைக்கு வர ஆசிரியர்தான் உதவ வேண்டும். நாட்டிங்ஹாம் குழு பல கருவிகளை மாணவர்கள் கையில் கொடுத்து உட்கார்ந்து கவனித்தது. வந்த முடிவு எளிமையானது: நகர ஜாய்ஸ்டிக், பொருளைத் தொட மவுஸ். இரண்டு வேலைக்கும் ஒரே கருவி என்றால் குழப்பம். ஜாய்ஸ்டிக்கிலும் முன் பின், இடம் வலம் மட்டும்.

ஜாய்ஸ்டிக்கிலும் ஒன்றல்ல, பல உண்டு. உள்ளங்கை மூடாத குழந்தைக்குப் பந்து போன்ற பெரிய குமிழ், மணிக்கட்டால் தள்ளுகிறவருக்குக் கிண்ணம் போன்ற தலை, தாடையால் தள்ளுகிறவருக்கு மார்புக்கு நேரே சின்னத் தண்டு. நடுங்கும் கைக்காக நடுவில் ஒரு அமைதி வளையம் வைப்பார்கள். தண்டு அதற்குள் ஆடினால் எதுவும் நகராது, வளையத்தைத் தாண்டித் தள்ளினால்தான் உத்தரவு. வளையம் பெரிதானால் பலமில்லாத கை அதைத் தாண்டாது. சிறிதானால் நடுக்கமெல்லாம் நடையாகிவிடும். இந்த அளவைக் குழந்தைக்குக் குழந்தை மாற்றிப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். ஜாய்ஸ்டிக்கே முடியாதவருக்கு ஒற்றை ஸ்விட்ச்: திரையில் நான்கு அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக ஒளிரும், வேண்டியது ஒளிரும்போது தலையாலோ முழங்காலாலோ ஸ்விட்சை அழுத்த வேண்டும். மெதுவான வழிதான், ஆனாலும் அது அந்தக் குழந்தையே தேர்ந்த வழி.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் சிக்கல் வேறு. வட கரோலினாவில் டாரதி ஸ்டிரிக்லண்ட் 1996இல் இரண்டே குழந்தைகளை வைத்து ஒரு முயற்சியை எழுதினார். அன்றைய ஹெட்செட் தலையில் ஒரு பாரம். தொடுகையே பிடிக்காத குழந்தைகள் அதை மாட்டவிடுவார்களா என்பதே முதல் கேள்வி. மாட்டவிட்டார்கள். சத்தமும் விவரமும் குறைத்த ஒரு தெருவில் கார்களை அடையாளம் காட்டி, ‘நில்’ பலகை வரை நடந்து போனார்கள். உலகத்தை வெறுமையாக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம் என்ற வாய்ப்பு நிஜத் தெருவில் கிடைக்காது.

உடம்பில் எதையுமே மாட்டாத கிளை ஒன்றும் உண்டு. மைரன் குரூகர் 1970களிலேயே கேமரா முன் நிற்கிறவரின் நிழலுருவைத் திரையில் விளையாட விட்டார். டொரண்டோவில் பிறந்த மண்டாலா என்ற முறை அந்த வழியில் வந்தது. குழந்தை தன் உருவத்தையே திரை உலகத்துக்குள் பார்க்கும், கையை அசைத்தால் பந்து தட்டப்படும். 2000களின் தொடக்கத்தில் டெனிஸ் ரீட் அதைப் பெருமூளை வாதமுள்ள குழந்தைகளோடு பயன்படுத்தினார். 2010இல் கினெக்ட் என்ற விளையாட்டுக் கேமரா வந்தபோது ஏறக்குறைய அதே யோசனை வீட்டுக்கூடத்துக்கு வந்தது. விளையாட்டு நிறுவனங்களும் முழுக்கக் கண்மூடி இருக்கவில்லை. நின்டெண்டோ 1989இல், தாடையால் தள்ளும் தண்டும் ஊதியும் உறிஞ்சியும் பொத்தான் அழுத்தும் குழாயும் கொண்ட ஒரு கருவியை விற்றது.

பிறகு 2016. விலை குறைந்த ஹெட்செட்டுகள் வீடுகளுக்கு வந்தன, கூடவே அறை முழுக்க நடந்து திரியும் அனுபவம் என்ற விளம்பரமும். அறையைத் தாண்ட வேண்டிய இடத்துக்கு டெலிபோர்ட்: கைக்கருவியால் தரையில் ஓரிடத்தைச் சுட்டினால் அங்கே போய் நிற்கலாம். உடம்பு அசையாமல் காட்சி மட்டும் ஓடுவதால் வரும் தலைசுற்றல் இதில் குறைவு. நாற்காலியில் இருப்பவருக்கும் இது நல்ல வழி, கையை நீட்டிக் குறி வைக்க முடிந்தால். அதே ஆண்டு புளோரிடாவில் எவ்ரன் போஸ்கெயிக்லியின் குழு ஆட்டிசம் உள்ளவர்களோடு எட்டு விதமான நகரும் முறைகளைச் சோதித்தது. ஜாய்ஸ்டிக்கும் நின்ற இடத்தில் மிதிப்பதும் ஒத்துவந்தன. கையைச் சிறகுபோல அடிப்பதும் பறப்பதும் ஒத்துவரவில்லை. ஒரு கூட்டத்துக்குப் பொருந்தியது இன்னொரு கூட்டத்துக்குப் பொருந்தாது என்பதற்கு நின்ற இடத்தில் மிதிப்பதே சாட்சி.

2020இல் மார்டெஸ் மாட்டும் சக ஆய்வாளர்களும் உடலசைவு குறைந்த 16 பேரிடம் பேசி, புதிய ஹெட்செட்டுகள் வைத்த ஏழு தடைகளை எழுதினார்கள். ஹெட்செட்டைத் தானாக மாட்டிக் கழற்ற முடியாதது, இரண்டு கைக்கருவிகளையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டியிருப்பது, பொத்தான்கள் எட்டாதது என்று போகிறது பட்டியல். பேசியவர்கள் பெரியவர்கள், குழந்தைகளின் கைகள் இன்னும் சிறியவை. நாட்டிங்ஹாமில் 1990களில் கவனித்து எழுதியவற்றைப் படித்துவிட்டு இதைப் படித்தால் வருத்தமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் மாணவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றது, சந்தைக்குப் போகும் வழியில் தொலைந்திருக்கிறது.

திரும்பி வந்ததும் உண்டு. 2018இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்ற விளையாட்டுக் கருவியின் முதுகில் 19 சிறு துளைகள், பக்கங்களில் இரண்டு யுஎஸ்பி. தலை ஸ்விட்ச், கால் ஸ்விட்ச், ஊதுகுழாய், பெரிய குமிழ் என்று குழந்தை ஏற்கெனவே பயன்படுத்தும் எதையும் அதில் செருகலாம். தன் நாற்காலியிலேயே வரட்டும் என்ற யூஜீன் யோசனையின் உறவுக்காரன் இது. இங்கிலாந்தின் ஸ்பெஷல்எஃபெக்ட் என்ற தொண்டு நிறுவனம் 2017இல் ஐமைன் என்ற மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. அதில் மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டின் உலகத்தில் நடப்பதும் தோண்டுவதும் கட்டுவதும் கண்பார்வையாலேயே நடக்கும்.

ஹெட்செட்டுக்கென்றே போலந்தில் உருவான வாக்இன்விஆர் என்ற மென்பொருள் விளையாட்டுக்கும் கருவிக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டையும் ஏமாற்றும். விளையாட்டு ‘குனி’ என்றால் குழந்தை குனிய வேண்டாம், பொத்தானால் உயரம் குறையும். ‘திரும்பு’ என்றால் நாற்காலியைத் திருப்ப வேண்டாம். அரையடி மட்டுமே நீளும் கைக்கு மெய்நிகர் உலகத்தில் கூடுதல் எட்டு தூரம் கொடுக்கலாம். இன்னொரு வசதியும் அதில் இருக்கிறது: பக்கத்தில் இருப்பவர் ஒரு எக்ஸ்பாக்ஸ் கருவியைப் பிடித்துக்கொண்டு, ஹெட்செட்டுக்குள் இருக்கும் குழந்தையை நகர்த்தலாம், திருப்பலாம்.

அது சக்கர நாற்காலியின் பின்பக்கக் கைப்பிடி மாதிரிதான். குழந்தை பொருளைப் பிடிப்பதிலும் எறிவதிலும் கவனமாக இருக்கும்போது கால் வேலையை அம்மா பார்த்துக்கொண்டால் ஒரு முழு விளையாட்டு சாத்தியமாகிறது. அதே கைப்பிடியால் குழந்தையைத் தொட்டியில் உட்கார்ந்த பூனைக்குட்டியாகவும் ஆக்கிவிடலாம். அதனால் கருவியைக் கையில் எடுக்கும் அம்மா முதலில் கேட்க வேண்டியது “எந்தப் பக்கம் போகணும், கண்ணு?” என்றுதான். பேச்சு வராத குழந்தை பதிலைத் தலையைத் திருப்பிச் சொல்லும், ஹெட்செட்டும் கூடவே திரும்பும். அம்மா பார்க்கும் திரையில் ஒரு கதவோ ஒரு மரமோ நடுவுக்கு வரும். அங்கே போகலாம்.